இலங்கையிலும் இந்தியாவிலும் தொழிலுறவுகள்: கொம்பனித்தெருவை முன்வைத்து ஓர் ஒப்பியல் நோக்கு

கொழும்பு 2 எனத் தபால் முகவரிகளிற் குறிக்கப்படும் கொம்பனித்தெரு, பேர வாவியின் கரையில் அமைந்த சிறியதொரு நிலப்பரப்பாகும். ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்தில் அடிமைகள் அடைத்துவைக்கப்பட்ட இடமாதலின், ஆங்கிலேயர் அதனை அடிமைத்தீவு எனப் பொருள்படும் பெயரால் வழங்கினர். மக்கள் வழக்கில் அது கொம்பனியின் தெருவாயிற்று. ஓர் இடத்துக்கு அமைந்த இரு பெயர்களுள் ஒன்று உழைத்தவனையும் மற்றையது உழைப்பைப் பெற்றவனையும் சுட்டிநிற்பது கருதத்தக்கது. மலாயரும் சோனகரும் தமிழரும் சிங்களவரும் அடுத்தடுத்து வாழும் இப்பகுதியில், பெருந்தோட்டங்களுக்கு வேண்டிய இயந்திரங்களோடு தொடர்புடைய கொழும்பு கொமர்ஷல் கொம்பனியின் பட்டறைகளும், யானைச் சின்னத்தாற் பெயர்பெற்ற குளிர்பான ஆலையும் இயங்கின. அவ்வாலை நின்ற நிலத்தில் 2024 இல் பெரும் விடுதியொன்று திறக்கப்பட்டது. பட்டறையிலிருந்து விடுதிக்கு என்னும் இம்மாற்றம், தொழிலாளர் எவ்வாறு அமர்த்தப்படுகின்றனர், எவ்வாறு நிருவகிக்கப்படுகின்றனர், பிணக்கு எழுங்கால் எங்கே செல்கின்றனர் ஆகிய வினாக்களைப் புதிதாக எழுப்புகின்றது.

இவ்வினாக்களை இலங்கை, இந்தியா ஆகிய இரு நாடுகளின் அனுபவங்களை ஒப்புநோக்கி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இரு நாடுகளும் ஒரே குடியேற்ற ஆட்சியின் சட்டமரபிலிருந்து தொடங்கியவை. ஏறத்தாழ ஒரே காலத்திற் சுதந்திரம் பெற்றவை. ஆயினும் ஓர் அடிப்படை வினாவில் இரண்டும் பிரிந்து சென்றன. வேலைநீக்கஞ் செய்யப்பட்ட தனியொரு தொழிலாளி, எவர் துணையுமின்றி, எவர் அனுமதியுமின்றி, நீதி கேட்டு ஒரு மன்றின் கதவைத் தட்டலாமா என்பதே அவ்வினா. தட்டலாம் என்றது இலங்கை. நெடுங்காலம், தட்டலாகாது என்றது இந்தியா. தொழிற்சங்கங்களின் வலிமை, ஆளணி முகாமைத்துவத்தின் இயல்பு, அரசின் பங்கு ஆகியவற்றில் இரு நாடுகளுக்குமிடையே காணப்படும் வேறுபாடுகள் பலவற்றுக்கு இப்பிரிவே திறவுகோல் என்பது எமது கருத்து.

பொதுவான தொடக்கம்

தென்னிந்தியாவில் ஒழுங்கமைந்த தொழிற்சங்கவியக்கம் 1918 ஏப்ரல் 27 ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தோடு தொடங்கிற்று. பெரம்பூரிலிருந்த பக்கிங்காம், கர்னாட்டிக் ஆலைகளின் தொழிலாளரைக் கொண்ட அச்சங்கத்துக்குப் பி. பி. வாடியா தலைவரானார், திரு. வி. கலியாணசுந்தரனார் அதன் முன்னணியினருள் ஒருவர். ஆலையை நடத்திய பின்னி கொம்பனி சங்கத் தலைவர்கள்மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றது. தொழிலாளரை ஒன்றுதிரட்டுவதே சட்டவிரோதமாகக் கொள்ளப்படலாம் என்பதை உணர்த்திய அவ்வழக்கே, 1926 ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சங்கச் சட்டத்துக்குத் தூண்டுதலாயிற்று. எழுவர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவுசெய்யலாம் என்னும் அச்சட்டத்தின் விதி, இலங்கையின் 1935 ஆம் ஆண்டுத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்திலும் இடம்பெற்றது.

கொழும்பில் ஏ. ஈ. குணசிங்க 1922 இல் இலங்கைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார். 1923 ஆம் ஆண்டின் பொதுவேலைநிறுத்தமும் 1929 ஆம் ஆண்டின் திறாம் வண்டித் தொழிலாளர் போராட்டமும் நகரை உலுக்கின. 1929 இல் தோன்றிய தொழில்கொள்வோர் சம்மேளனம், அதே ஆண்டிற் குணசிங்கவின் தொழிற்சங்கக் காங்கிரசுடன் ஒரு கூட்டு உடன்படிக்கை செய்துகொண்டது. சட்டம் வருமுன்னரே உடன்படிக்கை வந்துவிட்டது என்பது இங்கு மனங்கொளத்தக்கது.

இரு நகரங்களின் இயக்கங்களும் ஒரே நோயாலும் பீடிக்கப்பட்டன. 1921 இல் சென்னை ஆலை வேலைநிறுத்தத்தின்போது சாதியிந்துத் தொழிலாளரும் ஆதிதிராவிடத் தொழிலாளரும் எதிரெதிர் அணிகளாயினர். புளியந்தோப்பிற் கலவரம் மூண்டது. 1933 இல் வெள்ளவத்தை நூற்பு நெசவாலையின் தொழிலாளர், மலையாளிகளும் சிங்களவருமாக, கொல்வின் ஆர். டி சில்வாவின் தலைமையில் வேலைநிறுத்தஞ் செய்தபோது, குணசிங்கவின் சங்கம் அவர்களுக்கு எதிராக நின்றது. மலையாளிகளுக்கு எதிரான பரப்புரை அக்காலத்திலேயே வலுப்பெற்றது. அங்கே சாதி, இங்கே இனம். தொழிலாளரின் ஒற்றுமை தானாக அமைவதன்று என்பதை இரு நிகழ்ச்சிகளும் காட்டுகின்றன. அவ்வொற்றுமை இல்லாத வேளையில் தனியொரு தொழிலாளிக்கு எது காப்பு என்னும் வினாவும் இவற்றிலிருந்தே எழுகின்றது.

1957: பாதைகள் பிரிந்த ஆண்டு

இந்தியாவின் கைத்தொழிற் பிணக்குச் சட்டம் 1947 இல் வந்தது. யுத்தகால ஒழுங்குவிதிகளில் அரசு கைக்கொண்டிருந்த கட்டாயத் தீர்ப்பு முறையை அது சமாதான காலத்துக்கும் நீட்டித்தது. பிணக்கு ஒன்று தோன்றின் முதலில் இணக்க முயற்சி. அது பயன்படாவிடின், உரிய அரசாங்கம் விரும்பினால் அதனைத் தீர்ப்பாயத்துக்கு ஆற்றுப்படுத்தும். கதவும் இருந்தது, காவலாளியும் இருந்தார், அக்காவலாளி அரசு. இம்முறை தொழிற்சங்கங்களைப் பேச்சுவார்த்தையிலிருந்து விலக்கி அரசின்மீது சாரச் செய்யும் எனக் கண்டித்தவருள் முதன்மையானவர் வி. வி. கிரி. 1947 முதல் 1951 வரை இலங்கையில் இந்திய உயர் ஸ்தானிகராகப் பணியாற்றிய அவர், 1952 இல் மத்திய தொழில் அமைச்சரானார். வங்கி ஊழியர் தொடர்பான தீர்ப்பை அரசு மாற்றியமையை எதிர்த்து 1954 இற் பதவி துறந்தார்.

தனியொருவரின் வேலைநீக்கம் ‘கைத்தொழிற் பிணக்கு’ ஆகுமா என்னும் வினா இந்திய நீதிமன்றங்களில் எழுந்தபோது, ஒரு சங்கமோ குறிப்பிடத்தக்க தொகையினரான தொழிலாளரோ அதனைத் தமது பிணக்காக ஏற்றாலன்றி அது அவ்வாறாகாது என உச்ச நீதிமன்றம் 1957 இல் ஒரு பத்திரிகைக் கொம்பனியின் வழக்கில் தெளிவுபடுத்திற்று.

அதே 1957 ஆம் ஆண்டில் இலங்கை எதிர்த்திசையில் ஓர் அடி வைத்தது. 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம், 1957 ஆம் ஆண்டின் 62 ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்டுத் தொழில் நியாய சபைகள் நிறுவப்பட்டன. வேலை முடிவுறுத்தப்பட்ட எந்தத் தொழிலாளியும், தானாகவோ தான் சார்ந்த சங்கத்தின் மூலமாகவோ, நேரே நியாய சபைக்கு விண்ணப்பிக்கலாம். சபை, நீதியும் ஒப்புரவுமானதெனத் தனக்குத் தோன்றும் கட்டளையைப் பிறப்பிக்கலாம். வேலை ஒப்பந்தத்தின் வாசகம் அதற்குத் தடையாகாது.

இம்மாற்றத்தின் அரசியற் பின்னணி நோக்கத்தக்கது. 1947 ஆம் ஆண்டின் வேலைநிறுத்தத்தின்போது, யூன் 5 ஆம் நாள், கொழும்பில் நிகழ்ந்த ஊர்வலத்தின்மீது பொலிசார் சுட்டதில் அரசாங்க எழுதுவினைஞர் வி. கந்தசாமி உயிர்நீத்தார். அவர் சார்ந்திருந்த அரசாங்க எழுதுவினைஞர் சங்கத்தின் தலைவராயிருந்தவர் டீ. பி. இலங்கரத்ன, அவ்வேலைநிறுத்தத்தின் விளைவாக அவரும் வேலையிழந்தார். 1956 இல் பண்டாரநாயக்க அமைத்த அரசாங்கத்தில் அவரே தொழில் அமைச்சர். தொழில் நியாய சபைகளும், 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும் அவர் பதவியிலிருந்த காலத்தில் வந்தவை. வேலைநீக்கத்தின் பொருளைத் தன் வாழ்விற் கண்ட ஒருவரின் காலத்தில் வேலைநீக்கப்பட்டோருக்கான கதவு திறக்கப்பட்டமை வெறும் தற்செயலன்று.

அக்கதவை மூடும் முயற்சியும் உடனே தொடங்கிற்று. நியாய சபைத் தலைவர்கள் நீதித்துறை அதிகாரத்தைச் செலுத்துகின்றனர், ஆனால் நீதிச்சேவை ஆணைக்குழுவினால் நியமிக்கப்பட்டாரல்லர், ஆதலின் அவர்களின் கட்டளைகள் செல்லா என வாதிடப்பட்டது. 1966 இல் வோக்கர் சன்ஸ் கொம்பனியின் வழக்கில் உயர் நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்றது. 1967 இல் ஐக்கிய பொறியியற் தொழிலாளர் சங்கத்துக்கும் தேவநாயகத்துக்கும் இடையிலான வழக்கில் இலண்டன் கோமறைக் கழகம் பெரும்பான்மைத் தீர்ப்பினால் அதனை மாற்றி நியாய சபைகளைக் காப்பாற்றிற்று. பொறியியற் பட்டறைத் தொழிலாளரின் சங்கமொன்றே நாடு முழுவதற்குமான உரிமையொன்றை மீட்டது என்பது, பட்டறைகளால் வளர்ந்த கொம்பனித்தெரு போன்ற பகுதிகளின் வரலாற்றிற் பொறிக்கத்தக்கது.

இந்தியா மெல்லவே அசைந்தது. 1965 இல் தனியொருவரின் வேலைநீக்கமும் கைத்தொழிற் பிணக்காகக் கருதப்படும் எனச் சட்டந் திருத்தப்பட்டது. ஆயினும் அரசின் ஆற்றுப்படுத்தல் தொடர்ந்தும் வேண்டப்பட்டது. 1980களில் ஆந்திரமும் தமிழ்நாடும் தத்தம் திருத்தங்களால் நேர்வழியைத் திறந்தன. நாடு முழுவதற்கும் அவ்வழி திறந்தது 2010 இலேயே. இலங்கையின் ஏற்பாட்டுக்கும் இதற்கும் இடையே 53 ஆண்டுகள்.

சட்டம் வடித்த முகாமைத்துவம்

ஆளணி முகாமைத்துவம், பிற்காலத்தில் மனிதவள முகாமைத்துவம் எனப் பெயர் மாறிய இத்துறை, அரசியற் சார்பற்ற நுட்பக்கலை போலவே பாடநூல்களிற் கற்பிக்கப்படுகின்றது. உண்மையில் ஒவ்வொரு நாட்டிலும் அதன் உருவத்தைத் தொழிற்சட்டமே வடித்துள்ளது எனலாம்.

இந்தியாவில் 1946 ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டம், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளரைக் கொண்ட நிறுவனங்கள் நடத்தை விதிகளையும் தண்டனை முறையையும் எழுதிச் சான்றுறுதி பெறவேண்டும் என விதித்தது. 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஐந்நூறு தொழிலாளர் உள்ள ஆலைகளில் நலன்புரி அலுவலர் ஒருவரை நியமிக்கும் கடப்பாட்டைச் சுமத்திற்று. இந்திய ஆளணி அலுவலர் ஒருவகையிற் சட்டத்தின் பிள்ளை. குற்றப்பத்திரம் வழங்குவதும், உள்ளக விசாரணை நடத்துவதும், அதன் கோவையைப் பழுதறப் பேணுவதும் அவருடைய தலையாய பணிகளாயின. விசாரணை முறைப்படி நடந்ததா என்பதையே தீர்ப்பாயங்கள் பெரிதும் நோக்கின. தண்டனையின் பொருத்தத்தை மீளாயும் தெளிவான அதிகாரம் அவற்றுக்கு 1971 இலேயே கிடைத்தது.

இலங்கையில் நிலையாணைகள் சட்டத்துக்கு ஒப்பானது இல்லை. நியாய சபை சாட்சியங்களைத் தானே முதலிலிருந்து கேட்பதால், உள்ளக விசாரணை நடத்துவது சட்டத்தின் கட்டாயமாகவும் இல்லை. எனவே இலங்கையின் ஆளணி முகாமையாளர், கோவையின் முறைமையிலும் பார்க்க, நியாய சபையில் நிறுவக்கூடிய காரணத்தையே பெரிதும் கருதவேண்டியவராயினார். அங்கே முறை முதன்மை பெற்றது; இங்கே நியாயம் முதன்மை பெற்றது. ஏட்டளவில் இலங்கை முறை மேலானது எனத் தோன்றலாம். ஆனால் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீளும்போது, வருமானமற்ற தொழிலாளி சிறியதொரு நட்டஈட்டுக்கு இணங்கி வெளியேறுவதையும் காண்கின்றோம்.

தலையெண்ணும் முறையிலும் வேறுபாடு உண்டு. இந்தியாவின் ஊழியர் சேமலாப நிதி இருபது பேருக்குக் குறைந்த நிறுவனங்களைப் பொதுவாகச் சாராது. இலங்கையில் ஒரே ஊழியரைக் கொண்ட கடையும் அதற்கு உட்பட்டது. ஊழியர் 8 வீதமும் தொழில்கொள்வோர் 12 வீதமும் செலுத்துகின்றனர். மறுபுறம், 1948 இலேயே தொழிலாளர் மருத்துவக் காப்புறுதியை ஏற்படுத்திய இந்தியச் சட்டத்துக்கு இணையானது இலங்கையில் இல்லை. இலவச வைத்தியசாலைகளின் மூலம் அப்பொறுப்பை அரசே ஏற்றது. தொழில்கொள்வோரிடம் எதைக் கேட்பது, அரசிடம் எதைக் கேட்பது என்னும் பங்கீடும் தொழிலுறவின் ஒரு பகுதியே.

தனிக்கதவின் எல்லை

தனியொருவருக்குத் திறந்த கதவு கூட்டத்துக்கு எவ்வளவு பயன்பட்டது? இவ்விடத்தில் இலங்கை அனுபவம் எச்சரிக்கையாகவே அமைகின்றது.

நாகபட்டினத்திற் பிறந்த பாலா தம்பு, 1947 ஆம் ஆண்டின் வேலைநிறுத்தத்தில் அரசாங்கப் பதவி இழந்து, 1948 முதல் 2014 இல் மறையும்வரை இலங்கை வர்த்தக ஊழியர் சங்கத்தின் பொதுச்செயலாளராயிருந்தார். கோட்டையிலும் கொம்பனித்தெருவிலும் இருந்த வணிகக் கொம்பனிகளின் எழுதுவினைஞரையும் தொழிலாளரையும் இணைத்த அச்சங்கம், தொழில்கொள்வோர் சம்மேளனத்துடன் செய்த கூட்டு உடன்படிக்கைகள் சட்டம் தராத பலவற்றைப் பெற்றுத்தந்தன. ஆனால் ஒரு சங்கத்தை அங்கீகரித்துப் பேசும் கடப்பாட்டைச் சட்டம் விதித்தது 1999 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்திலேயே. அதுவும் சம்பந்தப்பட்ட தொழிலாளருள் 40 வீதத்தினரின் உறுப்புரிமையை நிபந்தனையாக்கிற்று. தனியொருவரின் உரிமைக்கும் கூட்டத்தின் உரிமைக்கும் இடையே நாற்பத்திரண்டு ஆண்டு இடைவெளி.

1980 யூலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 40,000 பேர் வேலையிழந்தனர். அரச ஊழியர் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் வரம்புக்கு வெளியே இருந்தமையால், அவர்களுக்கு நியாய சபையின் கதவு திறக்கவில்லை. பலர் ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தனர். 2003 யூலையில் தமிழ்நாட்டு அரசு, வேலைநிறுத்தஞ் செய்த ஏறத்தாழ 170,000 ஊழியரை வேலைநீக்கஞ் செய்தது. அவ்வழக்கில் அரச ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லையென உச்ச நீதிமன்றம் உரைத்தபோதிலும், மிகப்பெரும்பான்மையினர் சில வாரங்களில் மீளச் சேர்க்கப்பட்டனர். சட்டத்தின் கூற்று அங்கே கடுமையானது. எனினும் விளைவு வேறாயிற்று. கூட்டத்தின் பலமும் தேர்தல் அரசியலின் கணக்கும் சட்டத்தின் குறையை ஓரளவு நிரப்பின எனக் கொள்ளலாம்.

அங்கீகாரம் இந்தியாவிலும் எளிதில் வந்ததன்று. 2024 செப்ரெம்பரில் சென்னைக்கு அண்மையிலுள்ள சுங்குவார்சத்திரத்தில் சாம்சுங் ஆலைத் தொழிலாளர் 37 நாட்கள் வேலைநிறுத்தஞ் செய்தனர். அவர்தம் கோரிக்கைகளுள் முதன்மையானது சங்கத்தைப் பதிவுசெய்தல். அப்பதிவு 2025 சனவரியிலேயே கிட்டிற்று. வாடியாவின் காலத்துக்கு நூறாண்டுகளின் பின்னரும், அதே மாநிலத்தில், சங்கம் என்னும் பெயரைப் பெறுவதற்கே போராடவேண்டியிருந்தது.

வேலைப் பாதுகாப்பும் அதன் மறுபக்கமும்

இலங்கையின் 1971 ஆம் ஆண்டுத் தொழில் முடிவுறுத்தற் சட்டம், பதினைந்து பேருக்குக் குறையாத நிறுவனங்களில், ஒழுக்காற்றுக் காரணமன்றி ஒருவரை நீக்குவதற்கு அவரின் எழுத்துமூலச் சம்மதத்தையோ தொழில் ஆணையாளரின் முன்னனுமதியையோ வேண்டிற்று. இந்தியா 1976 இல் முந்நூறு தொழிலாளர் உள்ள தொழிற்சாலைகளுக்கு இத்தகைய முன்னனுமதியைக் கொணர்ந்தது. 1982 ஆம் ஆண்டின் திருத்தம் அதனை நூறாகக் குறைத்தது. 2025 நவம்பர் 21 ஆம் நாள் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுகள் சட்டக்கோவை அதனை மீண்டும் முந்நூறாக உயர்த்தியதோடு, எல்லா நிறுவனங்களிலும் வேலைநிறுத்தத்துக்குப் பதினான்கு நாள் முன்னறிவித்தலையும் கட்டாயமாக்கிற்று.

இலங்கைச் சட்டமும் இந்தியாவின் 1976 ஆம் ஆண்டுத் திருத்தமும் அவசரகால நிலை நிலவிய காலங்களில் வந்தவை என்பது கவனிக்கத்தக்கது. கூட்டாகக் குரலெழுப்பும் வாய்ப்புச் சுருங்கிய வேளைகளில், தனியாரின் வேலையை அரசு தன் கையாற் காத்தது. மேலிருந்து வந்த காப்பு மேலிருந்தே எடுக்கப்படக்கூடியது. அன்றியும் பக்கவழிகளால் தவிர்க்கப்படக்கூடியது.

‘எந்தக் கொம்பனி?’

அப்பக்கவழியே ஒப்பந்தத் தொழில். நகரின் உயர்மாடங்களிலும் விடுதிகளிலும் காரியாலயங்களிலும் துப்புரவு செய்வோர், காவல் புரிவோர், பொதி சுமப்போர் எனப் பலர் வேலைசெய்யும் இடம் ஒன்று; சம்பளம் வழங்குவது மற்றொன்று. ‘மேன்பவர்’ என்னும் சொல் கொழும்புத் தொழிலாளரின் அன்றாட வழக்கில் நிலைத்துவிட்டது. எந்தக் கொம்பனியில் வேலை என அவர்களுள் ஒருவரை வினவின், இரு பெயர்களைச் சொல்லவேண்டியவராகின்றார்.

இந்தியா 1970 இலேயே ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமொன்றை இயற்றிற்று. ஒப்பந்தக்காரர் சம்பளம் வழங்கத் தவறின் முதன்மைத் தொழில்கொள்வோர் அதனை வழங்கவேண்டும் என்பது அதன் உயிர்நாடி. ஒப்பந்தமுறை தடைசெய்யப்பட்டாலும் தொழிலாளர் தாமாகவே நிரந்தர ஊழியராகார் என உச்ச நீதிமன்றம் 2001 இற் கூறியமையும், இருபதாயிருந்த எண்ணிக்கை வரம்பைப் புதிய சட்டக்கோவை ஐம்பதாக்கியமையும் அக்காப்பைத் தளர்த்தியுள்ளன. ஆயினும் பொறுப்பு யாருடையது என்னும் வினாவுக்குச் சட்டத்தில் ஒரு விடை உண்டு. இலங்கையில் அத்தகைய தனிச்சட்டம் இல்லை. 1957 இல் திறந்த கதவு இன்றும் திறந்தே உள்ளது. அக்கதவுக்குள் நுழைபவர், எதிர்வாதி யார் என்பதையே முதலில் நிறுவவேண்டியவராகின்றார். கொடுக்கப்படாத நியமனக் கடிதமும், செலுத்தப்படாத சேமலாப நிதியும் அவருடைய வழக்கை அங்கேயே முடக்கக்கூடும்.

2023 இல் இலங்கைத் தொழில் அமைச்சு பழைய சட்டங்களை ஒன்றாக்கும் புதிய தொழிற்சட்டமொன்றை முன்மொழிந்தபோது தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. அதே ஆண்டு ஏப்ரலில், வேலைநேரத்தைப் பன்னிரண்டு மணிவரை நீட்ட இடந்தந்த திருத்தத்தைத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் நிறைவேற்றிற்று. எதிர்ப்புக்குப் பின் மே தினத்தன்று அது கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. சட்டச் சீர்திருத்தம் என்னும் பெயரில் எது வருகின்றது என்பதை நுணுகி நோக்கவேண்டிய காலம் இது.

இவ்வொப்பீட்டிலிருந்து பெறப்படும் முடிபு இதுவாகும். இலங்கையிடம் இந்தியா கற்கவேண்டியிருந்தது, தனியொரு தொழிலாளியின் நியாயம் எவர் அனுமதிக்கும் காத்திராது என்பதை. அதனைக் கற்க அந்நாட்டுக்கு அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. இந்தியாவிடம் இலங்கை கற்கவேண்டியது, உழைப்பின் பயனைப் பெறுபவர் ஒப்பந்தக்காரரின் பின்னே மறைந்துகொள்ளலாகாது என்பதை. முதன்மைத் தொழில்கொள்வோரின் பொறுப்பைச் சட்டமாக்குதல், தொழிலாளி அறிந்த மொழியில் நியமனக் கடிதம் வழங்குதலை உறுதிப்படுத்தல், ஒப்பந்தத் தொழிலாளரையும் நிரந்தரத் தொழிலாளரையும் ஒரே சங்கத்தில் இணைத்தல் ஆகிய மூன்றும் உடனடியாக வேண்டப்படுவன. முதலிரண்டும் அரசின் கடமை. மூன்றாவது தொழிலாளரின் கையிலேயே உள்ளது. 1921 உம் 1933 உம் அதன் அருமையை உணர்த்தும் ஆண்டுகள். இவை நிறைவேறாதவரை, கொம்பனித்தெருவில் உழைக்கும் ஒருவர் தம் கொம்பனி எதுவெனத் திட்டமாகச் சொல்ல இயலாதவராகவே இருப்பார்.